பருத்தி விற்பதற்குள் ஆதார் எத்தனை கை மாறுகிறது

பெரம்பலூர் மாவட்டத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுவது என் வேலை. 2025 செப்டம்பரில் இந்தியப் பருத்திக் கழகத்தின் ‘கபாஸ் கிசான்’ செயலி அறிமுகமான பிறகு, உறுப்பினர்களை அதில் பதிவு செய்து கொடுக்கும் பொறுப்பும் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அப்போது விவசாயிகளின் ஆதார், நில ஆவணம், வங்கிக் கணக்கு, கைபேசி எண் ஆகியவை யார் யாரிடம் போய்த் தங்குகின்றன என்பதை அருகிலிருந்து பார்த்தேன். செயலியில் சேர நினைப்பவர்களுக்கும், மற்றவர்களுக்காகப் பதிவு செய்து கொடுக்கும் பிள்ளைகளுக்கும், இ-சேவை மையத்தாருக்கும் பயன்படக்கூடும் என்பதால் அதை எழுதுகிறேன்.

செயலி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025-26 பருவத்திற்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைப் பருத்திக்கு 8,110 ரூபாய். சந்தை விலை இதற்குக் கீழே போகும்போது பருத்திக் கழகம் ஆதரவு விலையில் கொள்முதல் செய்யும். அந்த ஆண்டு ஆகஸ்டு 19 முதல் டிசம்பர் இறுதிவரை பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவீத வரி நீக்கப்பட்டிருந்ததால் விலை இன்னும் சரியும் என்ற பேச்சு எங்கள் பக்கத்தில் பரவலாக இருந்தது. வழக்கமாக வியாபாரியிடமே போட்டுவிடுகிற மானாவாரி விவசாயிகள்கூட இந்த முறை பதிவு செய்து வைத்துக்கொள்ள விரும்பினார்கள். ஆதார் அடிப்படையிலான பதிவு, நில விவரம், பருத்தி பயிரிட்ட பரப்பு, கைபேசிக்கு வரும் கடவு எண் (ஓடிபி), கொள்முதல் நிலையத்திற்குச் சரக்கைக் கொண்டுபோகும் நாளை முன்பதிவு செய்யும் வசதி, ஆதாருடன் இணைந்த வங்கிக் கணக்கிற்கு நேரடியாகப் பணம் என்று எல்லாம் கைபேசிக்குள் வந்துவிட்டன. முன்பதிவால் கொள்முதல் நிலைய வாசலில் வண்டியோடு இரவெல்லாம் காத்துக் கிடக்கும் நிலை குறையும் என்பதால் செயலியின் தேவையை நான் மறுக்கவில்லை.

இவ்வளவு விவரம் ஏன் கேட்கிறார்கள் என்று உறுப்பினர்கள் என்னிடம் அடிக்கடி கேட்டார்கள். விவசாயியிடம் மலிவாக வாங்கிய பருத்தியை வியாபாரி விவசாயியின் பெயரிலேயே ஆதரவு விலைக்கு விற்பது பருத்தி விளையும் பல மாநிலங்களில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் புகார். அதைத் தடுக்கத்தான் நிலப்பரப்பும் பயிர்ச் சான்றும் கேட்கப்படுகின்றன. ஏக்கருக்கு இத்தனை குவிண்டால்தான் வாங்கப்படும் என்ற வரம்பும் அதனால்தான் இருக்கிறது. 2025-இல் தெலங்கானாவில் அந்த வரம்பு 12 குவிண்டாலிலிருந்து 7 ஆகக் குறைக்கப்பட்டபோது விவசாயிகளிடையே பெரும் எதிர்ப்பு கிளம்பியது. ஆக, கேட்கும் காரணம் நியாயமானது. ஆனால் இந்த வரம்பு வந்தவுடனே விவசாயியின் பதிவுக்கே ஒரு விலை ஏற்பட்டுவிட்டது என்பதை நம்மில் பலர் கவனிக்கவில்லை. தெலங்கானாவின் அந்த வரம்பையே எடுத்துக்கொண்டால், ஐந்து ஏக்கருக்குப் பதிவு செய்த ஒருவருக்கு ஏக்கருக்கு 7 குவிண்டால் வீதம் 35 குவிண்டால் விற்க இடம் உண்டு. மழை பொய்த்து அவருக்குப் பதினைந்து குவிண்டால்தான் விளைந்தது என்றால் மீதி 20 குவிண்டாலுக்கான இடம் சும்மா இருக்கிறது. ஆதரவு விலைக்கும் சந்தை விலைக்கும் குவிண்டாலுக்கு 1,000 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அந்தச் சும்மா இருக்கும் இடத்தின் மதிப்பு 20,000 ரூபாய். தனியுரிமை என்றால் படித்தவர்களின் கவலை என்று நினைத்திருந்த எங்கள் உறுப்பினர்களுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதான் பேச்சு புரிந்தது.

நான் பார்த்தவரையில், விவசாயியின் விவரங்கள் அரசின் கணினிக்குள் போன பிறகு கசிவதைவிட, அங்கே போய்ச் சேரும் வழியில்தான் அதிகம் சிந்துகின்றன.

முதலில் வாட்ஸாப் குழு. செயலியில் தானே பதிவு செய்துகொள்ளலாம் என்றுதான் அறிவிப்பு. ஆனால் அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஆதார் அட்டையைப் படம் எடுத்து, அளவு குறைத்து, பதிவேற்றுவது எளிதில்லை. எனவே பக்கத்து ஊர் ஒன்றில் விவரம் தெரிந்த ஒரு தம்பி நல்லெண்ணத்தோடு ஒரு குழுவைத் தொடங்கி, ‘எல்லாரும் ஆதார், சிட்டா, வங்கிப் புத்தகம் போட்டோ போடுங்க, நான் பதிஞ்சு விடறேன்’ என்று சொன்னார். ஊரே போட்டது. அந்தக் குழுவில் ஊர்க்காரர்கள் மட்டுமா இருந்தார்கள்? பூச்சிமருந்துக் கடைக்காரர், இரண்டு பருத்தித் தரகர்கள், வட்டிக்குப் பணம் கொடுப்பவர், யார் என்றே தெரியாத சில எண்கள் என்று அத்தனை பேருடைய கைபேசியிலும் அந்தப் படங்கள் தாமாகவே இறங்கிச் சேமிக்கப்பட்டன. யாருக்கு எத்தனை ஏக்கர், எந்த வங்கியில் கணக்கு என்பது வட்டிக்காரருக்குத் தெரிவது சாதாரண விஷயமில்லை. பின்னர் அந்தத் தம்பி குழுவில் இருந்த படங்களை நீக்கினார். ஆனால் ஒருவர் தன் கைபேசியில் இறக்கிக்கொண்ட படம், அனுப்பியவர் நீக்கினாலும் அங்கேயே இருக்கக்கூடும், கூகுள் போட்டோஸ் போன்ற சேமிப்பகத்தில் ஏறியிருந்தால் அங்கும் இருக்கும்.

நாங்கள் எங்கள் நிறுவனத்தில் வைத்துக்கொண்ட முறை எளிமையானது. ஆவணத்தோடு விவசாயி நேரில் வரவேண்டும். அவருடைய கைபேசியிலேயே செயலியை இறக்கி, அவருடைய கைபேசியிலேயே படம் எடுத்து, அங்கிருந்தே ஏற்றுவோம். சாதாரண பொத்தான் கைபேசி வைத்திருப்பவர்களுக்கு அவர்களுடைய மகன் அல்லது மகளின் கைபேசி. வேறு வழியே இல்லாமல் அலுவலகக் கைபேசியில் செய்ய நேர்ந்தால், பதிவு முடிந்ததும் படத்தை அவர் கண் முன்னாலேயே அழித்து, ‘அண்மையில் நீக்கியவை’ என்ற குப்பைத் தொட்டிக்குள்ளும் போய் அழித்துக் காட்டுவோம். இதனால் வேலை மெதுவாகத்தான் நடந்தது. ‘பக்கத்து ஊர்ல ஒரே நாள்ல முடிச்சுட்டாங்களே தம்பி’ என்று பெரியவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அடுத்தது இ-சேவை மையங்களும் நகல் எடுக்கும் கடைகளும். இவர்களைக் குறை சொல்லி எழுதுவது என் நோக்கமில்லை. அவர்கள் இல்லையென்றால் கிராமத்தில் பாதி வேலை நடக்காது. ஆனால் நான் போய்ப் பார்த்த ஒரு கடையின் கணினி முகப்புத் திரையில் ஆட்களின் பெயரிட்ட ஆதார்க் கோப்புகள் திரை நிரம்ப இருந்தன. வாடிக்கையாளர் வாட்ஸாப்பில் அனுப்பிய எல்லாமும் ‘பதிவிறக்கங்கள்’ அடைவில் கிடந்தன. சரியாக வராத நகல்கள் ஒரு பெட்டியில் போடப்பட்டு, பின்பு வடை மடிக்கும் காகிதமாகப் போய்க்கொண்டிருந்தன. கடைக்காரரிடம் பக்குவமாகச் சொன்னபோது, அடுத்த முறை வந்து கேட்டால் உடனே எடுத்துக் கொடுக்கத்தான் வைத்திருக்கிறேன் என்றார், அதில் பொய்யில்லை. கடையில் வேலை முடிந்ததும் ‘என் கோப்பை அழித்துவிடுங்கள்’ என்று கேட்டு, அழிப்பதைப் பார்த்துவிட்டு, வீணான நகலைக் கையோடு வாங்கிக்கொண்டு வருவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. முழு எண் தேவைப்படாத இடங்களில், அதாவது குத்தகை எழுத்து, உரக்கடை, வாடகை வண்டி போன்ற இடங்களில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அதை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கொள்முதல் பதிவுக்கு அது உதவாது.

கைபேசி எண் விஷயத்தில்தான் சேதம் நேராக வருகிறது. செயலிக்குள் நுழையும் சாவி கடவு எண் வரும் கைபேசி. பெரியவர்கள் பலர் தங்கள் எண்ணுக்குப் பதிலாகப் பதிவு செய்து கொடுப்பவரின் எண்ணையே போட்டுவிடச் சொல்கிறார்கள். தரகர் ஒருவர் அந்த உதவியை ஆர்வத்தோடு செய்து கொடுத்தார். விளைவு என்ன? முன்பதிவு எந்த நாளுக்கு, எத்தனை குவிண்டாலுக்கு என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் தரகரின் சட்டைப்பைக்குப் போய்விட்டது. எங்கள் உறுப்பினர் ஒருவருடைய இரண்டாம் எடுப்புப் பருத்தியை நிலையத்திற்குக் கொண்டுபோக நாள் பார்க்கப் போனபோது, அவருடைய அளவில் பெரும்பகுதி ஏற்கெனவே விற்கப்பட்டதாகக் காட்டியது. பணம் அவருடைய கணக்கிற்கே வந்து, அதை எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கமிஷனாகச் சிறு தொகையும் கொடுத்திருந்தார்கள். தன் பதிவை வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. ‘கணக்குல மாத்தி விழுந்துருச்சு’ என்று தரகர் சொன்னதை அவர் நம்பியிருந்தார். தான் விற்காமல் தன் பெயரில் விற்கப்பட்ட சரக்குக்கு நாளை யாராவது விளக்கம் கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் அவர்தான், தரகர் இல்லை.

இதற்குப் பிறகு ஓர் எண்ணுக்கு ஒரு குடும்பம் என்பதை எங்கள் நிறுவனத்தில் விதியாகவே வைத்தோம். பதிவு செய்யும் எண்ணை ஆண்டு முழுவதும் உயிரோடு வைத்திருக்கவும் சொல்கிறோம். ரீசார்ஜ் செய்யாமல் மாதக்கணக்கில் விட்ட எண் துண்டிக்கப்பட்டு, சில காலம் கழித்து வேறொருவருக்கு வழங்கப்படுவது இந்தியாவில் வழக்கமான நடைமுறை. அப்படிப் போனால் கடவு எண்ணும் அந்த வேறொருவருக்குத்தான் போகும்.

பெண்களின் நிலை இதில் தனியாகச் சொல்லவேண்டியது. எங்கள் பகுதியில் களை எடுப்பதும் பருத்தி எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். பட்டா கணவர் பெயரில், கைபேசி மகன் பெயரில், வங்கிக் கணக்கு மட்டும் தன் பெயரில் என்று இருக்கும் அக்காக்களுக்குச் செயலியில் தங்கள் விவரத்தைத் தாங்களே பார்க்க வழியே இல்லாமல் போகிறது. கணவரை இழந்த ஓர் உறுப்பினர், தனக்கு எவ்வளவு பணம் வந்தது என்பதைக் கொழுந்தனாரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். தரவுப் பாதுகாப்பு பற்றிய பேச்சில் வெளியாரிடமிருந்து மறைப்பது மட்டுமே பேசப்படுகிறது. தன் விவரம் தன் கைக்கு எட்டாமல் இருப்பதும் அதே குறையின் மறுபக்கம் என்றே நான் நினைக்கிறேன். அவருக்குச் சொந்தமாக ஒரு சிம் வாங்கி, அந்த எண்ணை ஆதாரிலும் வங்கியிலும் மாற்றிய பிறகே பதிவைத் தொட்டோம்.

குத்தகை விவசாயிகளுக்குச் சிக்கல் வேறு விதமானது. எழுத்தில் இல்லாத வாய்மொழிக் குத்தகைதான் இங்கே அதிகம். குத்தகைதாரர் பதிவு செய்ய நில உரிமையாளரின் சிட்டா வேண்டும், சில சமயம் அவருடைய ஒப்புதலும் வேண்டும். தமிழ்நாட்டில் 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தையும் 1969-ஆம் ஆண்டின் குத்தகைப் பதிவேட்டுச் சட்டத்தையும் மனத்தில் வைத்து, அரசின் ஏதாவது ஒரு பதிவில் குத்தகைதாரர் பெயர் ஏறிவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று உரிமையாளர்கள் அஞ்சுகிறார்கள். ஆகவே காகிதம் கொடுக்க மறுக்கிறார்கள், அல்லது தங்கள் பெயரிலேயே பதிந்து, பணம் வந்ததும் பிரித்துக் கொடுக்கிறார்கள். உரிமையாளருக்குத் தெரியாமல் அவருடைய ஆவணத்தை ஏற்றித் தரச் சொல்லி எங்களிடமும் சிலர் வந்தார்கள். அதை நாங்கள் செய்யவில்லை.

இனி அரசின் பக்கம். விவசாயி தன் கைபேசியை எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தாலும், வாங்கிக்கொண்டவர்கள் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். அந்த வரலாறு நம்பிக்கை தருவதாக இல்லை. 2017-இல் அரசுத் துறைகளின் இணையதளங்கள் இருநூற்றுக்கும் மேற்பட்டவை பயனாளிகளின் பெயரோடு ஆதார் எண்ணையும் வெளியே காட்டிக்கொண்டிருந்ததை ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது. 2022-இல் பி.எம். கிசான் இணையதளத்தின் ஒரு பகுதி வழியாக விவசாயிகளின் ஆதார் எண்களைப் பார்க்க முடிகிறது என்று பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அது சரிசெய்யப்படச் சில மாதங்கள் ஆயின. கபாஸ் கிசான் செயலியில் அப்படி ஏதும் நடந்ததாக நான் சொல்லவில்லை. அதே வகை விவரங்கள் இன்னோர் இடத்திலும் சேர்கின்றன என்பதைத்தான் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தேடிப் படித்தேன். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டு 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஆனால் தரவைத் திரட்டுவோருக்கான முக்கியக் கடமைகள் விதிகள் வெளியாகி பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை அபராதம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அதே சட்டம், மானியம், நலத்திட்டம், சான்றிதழ் போன்றவற்றுக்காக அரசு தரவைக் கையாளும்போது புதிதாக ஒப்புதல் கேட்கத் தேவையில்லாத சூழ்நிலைகளையும் வகுத்திருக்கிறது. எனவே விவசாயிக்கு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பொத்தானால் பெரிய பாதுகாப்பு ஏதும் கிடைத்துவிடாது. கொடுக்காவிட்டால் ஆதரவு விலை இல்லை என்ற நிலையில் அதை ஒப்புதல் என்று அழைப்பதே எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. இன்னொன்று: அந்தச் சட்டம் தரவுக்கு உரியவருக்கும் கடமைகளை விதிக்கிறது. வேறொருவராகத் தன்னைக் காட்டிக்கொண்டு விவரம் கொடுத்தால் 10,000 ரூபாய்வரை அபராதம் உண்டு. பெரியப்பாவின் ஆதாரைத் தன்னுடையதுபோலக் கொடுக்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் மூடி மறைக்கவேண்டும் என்று சொல்பவனும் நான் இல்லை. யார் பெயரில் எத்தனை குவிண்டால் வாங்கப்பட்டது என்ற பட்டியல் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டப்பட்டால், மேலே சொன்ன தரகர் கதை அன்றே வெளிப்பட்டிருக்கும். ஊர்க்காரர்களுக்கு யார் காட்டில் என்ன விளைந்தது என்பது தெரியும். பெயரும் அளவும் வெளியே இருக்கலாம். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்தப் பட்டியலில் இருக்க ஒரு காரணமும் இல்லை. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக் கூடாது என்பது 2016-ஆம் ஆண்டின் ஆதார்ச் சட்டத்திலேயே இருக்கிறது. அதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்காவது அப்படிப் பட்டியல் ஒட்டியிருப்பதைக் கண்டால் அச்சட்டத்தைக் குறிப்பிட்டு எழுத்தில் மனு கொடுங்கள். ஒரு கூட்டுறவு அலுவலகத்தின் பலகையில் முழு எண்ணோடு ஒட்டியிருந்த தாளை அப்படித்தான் எடுக்கவைத்தோம்.

போலிச் செயலிகளும் பெருகிவிட்டன. பி.எம். கிசான் பெயரில் வாட்ஸாப் வழியாக ‘ஏபிகே’ கோப்பு அனுப்பி, நிறுவியவுடன் குறுஞ்செய்திகளைப் படித்து வங்கிப் பணத்தை எடுக்கும் மோசடி நாடு முழுக்க நடந்திருக்கிறது. எந்த அரசுச் செயலியையும் வாட்ஸாப்பில் வரும் கோப்பிலிருந்து நிறுவ வேண்டாம். பருத்திக் கழகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் இருக்கும் இணைப்பைப் பிடித்துச் செல்லுங்கள். விவசாயப் பதிவுக்கான செயலி குறுஞ்செய்திகளையோ தொடர்பு எண்களையோ படிக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் தொகையை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

விற்பனைக்கு முன் ஆதாருடன் எந்த வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது அவசியம். கடைசியாக இணைக்கப்பட்ட கணக்கிற்கே பணம் போகும். 2017-இல் கைபேசி நிறுவனம் ஒன்று சிம் சரிபார்ப்பின்போதே வாடிக்கையாளர்களுக்குத் தெரியாமல் தன் குழுமத்து வங்கியில் கணக்குத் தொடங்கியதால் இலட்சக்கணக்கானோரின் எரிவாயு மானியம் அந்தக் கணக்குகளுக்குப் போனது. அதே தளத்தில் கடந்த ஆறு மாதங்களில் நம் ஆதார் எங்கெங்கே சரிபார்க்கப்பட்டது என்ற வரலாறும் கிடைக்கும். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதியும் உண்டு. ஆனால் பூட்டினால் ரேஷன் கடையில் விரல் வைக்கும்போது ஏற்காது. பூட்டித் திறக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் மட்டும் பூட்டுங்கள் என்று வயதானவர்களிடம் சொல்கிறேன்.

எங்கள் நிறுவனப் பதிவேட்டில் இப்போது உறுப்பினரின் பெயர், ஊர், பரப்பு, ஆதாரின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆகியவை மட்டுமே இருக்கின்றன. விற்பனைப் பணம் வந்துசேர்ந்ததும் நகல்களைக் கிழித்துவிட வேண்டும் என்று நிர்வாகக் குழுவில் தீர்மானம் போட்டபோது உறுப்பினர்களே எதிர்த்தார்கள். அடுத்த பருவத்தில் மறுபடியும் சிட்டாவுக்கும் அடங்கலுக்கும் அலைய முடியாது, உங்களிடமே இருக்கட்டும் என்றார்கள். கடைசியில் ஒவ்வொருவருடைய நகலையும் ஓர் உறையில் போட்டு, மேலே பெயர் எழுதி, அவரவர் வீட்டுக்கே கொடுத்தனுப்புவது என்று முடிவானது. உறைக்கான செலவை நிறுவனம் ஏற்பதா, உறுப்பினர் ஏற்பதா என்பது மட்டும் அடுத்த கூட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது.